மும்பையிலிருந்து அகலமான படகைச் சாலை வழியே கொண்டுபோவது எப்படி: மாநில எல்லை முதல் நாட்டு எல்லை வரை

முதலில் ஒரு நல்ல ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு படகு நிற்கும் இடத்துக்குப் போங்கள். லாரிக்காரருக்கு போன் போடுவது, வாடகை பேசுவது எல்லாம் அப்புறம். செம்பூரிலும் வாஷியிலும் நம் ஆட்கள் சிலர் படகு வாங்கியதும் முதலில் கேட்கும் கேள்வி "சென்னைக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்குப் பதில் படகின் விலையிலோ நீளத்திலோ இல்லை, அகலத்தில் இருக்கிறது.

இந்தியச் சாலையில் எந்த வண்டியின் அகலமும் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆவது விதி அப்படிச் சொல்கிறது. உங்கள் படகு 2.5 மீட்டர் என்றால் அது சாதாரண சரக்கு. 2.7 மீட்டர் என்றால் ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்கு. இடையில் இருப்பது ஒரு ஜாண் கூட இல்லை. ஆனால் இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு வாரத்துக்குள் வேலையை முடித்துவிடலாம், அந்தப் பக்கம் இருப்பவர் அனுமதி, முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் வண்டி, பகலில் மட்டும் ஓட்டம் என்று வேறொரு உலகத்துக்குள் போய்விடுவார். கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளுக்கு.

அளவு எடுப்பது

கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் அகலத்தை நம்பாதீர்கள். அது பல நேரங்களில் ஹல்லின், அதாவது படகின் வெற்று உடலின், அகலம் மட்டும். படகைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, கயிறு கட்டும் கிளீட், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் தாங்கி, யாரோ பின்னால் சேர்த்த ஏணி, இவற்றையெல்லாம் சேர்த்து மிக அகலமான இடத்தில் அளக்க வேண்டும். கழற்ற முடிகிறவற்றைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 2.65 மீட்டர் படகு ஒன்று, ரப்பர் பட்டையையும் ஏணியையும் கழற்றியதும் 2.58-க்கு வந்துவிட்டால் அந்த ஒரு மணி நேர ஸ்குரூடிரைவர் வேலைக்குக் கிடைக்கும் கூலி வேறு எந்த வேலைக்கும் கிடைக்காது.

அடுத்தது உயரம். கீலின், அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின், அடியிலிருந்து கழற்ற முடியாத மிக உயரமான பகுதி வரை அளந்து, அதோடு தொட்டிலின் (படகை உட்கார வைக்கும் சட்டம்) உயரத்தையும் டிரெய்லர் தளத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். லோபெட் எனப்படும் தாழ்தள டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் இருக்கும், சாதாரண டிரெய்லர் அதைவிட உயரம். மொத்தம் 4 மீட்டருக்குள் அடக்கப் பாருங்கள். மேற்கூரைச் சட்டம், ரேடார் வளைவு, ஆன்டெனா, முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்துவிடுவதே நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் உயரம் பெரிய தொல்லை தராது. தொல்லை முதல் ஐந்து கிலோமீட்டரிலும் கடைசி ஐந்து கிலோமீட்டரிலும்தான். படகுத்துறைக்குப் போகும் ஊர்த் தெருவில் கேபிள் ஒயரும் மின்கம்பியும் தொங்கும், தேரோட்டத்தில் தேருக்கு முன்னால் கம்போடு ஓடும் ஆட்களைப் போல இரண்டு பேர் உலர்ந்த மூங்கிலோடு நடந்தால்தான் வண்டி நகரும். கேபிள் ஒயரைத்தான் அப்படித் தூக்கலாம். மின்கம்பியைத் தொடவே கூடாது, அதற்கு மின்வாரியத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது எடை. இங்கேதான் எல்லோரும் குறைத்துச் சொல்வார்கள். கையேட்டில் இருப்பது வெறும் படகின் எடை. 200 குதிரைத்திறன் அவுட்போர்டு ஒன்றே 200 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு மாட்டியிருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 400 லிட்டர் பெட்ரோல் சுமார் 300 கிலோ, 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. அதற்குமேல் நங்கூரம், சங்கிலி, பேட்டரி, அலமாரியில் மறந்துபோன சாமான். தொட்டிகளைக் காலி செய்துவிட்டு, ஏற்றும்போது தராசு மாட்டிய கிரேனிலோ, ஏற்றிய பிறகு எடைமேடையிலோ எடை போட்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி, இனிமேல் எல்லா இடத்திலும் அதே எண்களைத்தான் கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் 3.2 மீட்டர், எல்ஆரில் (லாரி ஆபீஸ் கொடுக்கும் சரக்கு ரசீது) 3 மீட்டர், இன்சூரன்ஸில் கையேட்டு அளவு என்று ஆளுக்கொன்று இருந்தால் வழியில் நிறுத்தும் அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிடும்.

சொந்த வண்டியில் இழுக்கலாமா?

2.6 மீட்டருக்குள், எடையும் குறைவு, உங்களிடம் வலுவான பிக்கப் அல்லது எஸ்யூவி இருக்கிறது என்றால் இழுக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனி நம்பர் பலகை வேண்டும். படகோடு இலவசமாக வந்த பதிவில்லாத டிரெய்லரைக் கப்பல்துறையிலிருந்து சரிவுப்பாதை வரை இழுக்கலாம், மாநில எல்லை தாண்ட முடியாது. வண்டிக் கையேட்டில் இழுவைத் திறன் எவ்வளவு என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒரு எண், இல்லாததற்கு வேறு எண் என்று இருக்கும், இரண்டாவது மிகக் குறைவு. இணைப்புப் பந்திலும் ஒரு சிக்கல்: ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவில் ஒன்று 2 அங்குலம், அதாவது 50.8. பார்வைக்கு ஒன்றுதான். 50 மில்லிமீட்டர் பந்தின் மேல் 2 அங்குலக் கப்பை மாட்டினால் உட்கார்ந்துவிடும், பெரிய பள்ளத்தில் எழும்பியும்விடும். பந்தின் மேலும் கப்பின் மேலும் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

மூக்கு எடையும், அதாவது இணைப்பின் மேல் இறங்கும் எடையும், அப்படித்தான். படகை டிரெய்லரில் பின்னால் தள்ளி வைத்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும், அப்படி ஆடும்போது பிரேக்கை மிதிப்பது இன்னும் மோசம். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இணைப்பின் மேல் இறங்கும்படி படகை முன்பின் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

2.6-ஐத் தாண்டிய படகை நானே என் காரில் இழுப்பேன் என்று யாராவது சொன்னால் நான் வாதம் செய்ய மாட்டேன், லோபெட் நம்பர் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன்.

அனுமதி

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194-ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அளவை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில், இறக்கி ஒழுங்கு செய்யும் வரை வண்டி நகரக் கூடாது. 20,000-ஐக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் கடைசி வரியைப் படிப்பதில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஆறு டன் படகை எங்கே இறக்குவது? அதே பிரிவிலேயே விலக்கும் இருக்கிறது. அதிகாரம் பெற்ற அலுவலகம் அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கு அனுமதி கொடுத்திருந்தால் இந்த அபராதம் பொருந்தாது. ஆகவே அந்தக் காகிதம்தான் எல்லாமே.

தேசிய நெடுஞ்சாலைக்கான அனுமதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் கேட்க வேண்டும். விண்ணப்பிப்பது பெரும்பாலும் டிரான்ஸ்போர்ட்டர்தான், நீங்கள் அளவுகளையும் படங்களையும் கொடுக்க வேண்டும். இழுக்கும் வண்டி, டிரெய்லர் இரண்டின் பதிவுச் சான்று, அச்சுவாரியான (ஒவ்வொரு ஆக்சில் மேலும் இறங்கும்) எடை, புறப்படும் இடம், சேரும் இடம், வழி எல்லாம் அதில் வரும். கிடைப்பது அந்த வண்டிக்கு, அந்தச் சரக்குக்கு, அந்த வழிக்கு மட்டும். கடைசி நிமிடத்தில் "இந்த வண்டி ரிப்பேர் சார், வேற வண்டி அனுப்புறேன்" என்று லாரி ஆபீஸில் சொன்னால் அனுமதியும் போச்சு. இதை வாடகை பேசும்போதே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு அந்த அனுமதி உதவாது. மாநிலச் சாலைக்கு அந்தந்த மாநிலம், நகருக்குள் போக்குவரத்து போலீஸ். மும்பையில் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பெரிய விடுமுறை நாட்களில் கனரக வண்டிகளை நிறுத்திவைப்பார்கள். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் மகாராஷ்டிராவிலும், பொங்கலுக்கு முந்தைய நாட்களில் அத்திப்பள்ளி–ஓசூர் பக்கமும் தேதி வைக்காதீர்கள்.

இ-வே பில்

ஜிஎஸ்டி வந்த பிறகு மாநில எல்லை விற்பனைவரி சோதனைச்சாவடிகள் போய்விட்டன, ஆனால் பறக்கும் படை உண்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில், அதாவது ஆன்லைனில் எடுக்கும் சரக்குப் பயணச் சீட்டு, வேண்டும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபர் தன் பழைய படகைத் தானே கொண்டுபோகிறார் என்றால் விதிப்படி அது அவர் விருப்பம்தான். நான் சொல்வேன், போட்டுவிடுங்கள். மூன்று மாநிலத்தில் நடுராத்திரியில் விதியை விளக்கிக்கொண்டிருப்பதை விட அது சுலபம்.

போடும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வண்டி வகை என்ற இடத்தில் சாதாரணம், ஓடிசி என்று இரண்டு தேர்வு இருக்கும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி, ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மும்பையிலிருந்து பெங்களூரு வழியாகச் சென்னை சுமார் 1,330 கிலோமீட்டர். சாதாரணம் என்று போட்டால் 7 நாள், ஓடிசி என்று போட்டால் 67 நாள். ஓடிசி வண்டி பகலில் மட்டும், அதுவும் மெதுவாக, நடுவில் ஒரு பாலத்துக்காகவோ மழைக்காகவோ இரண்டு நாள் நின்று வரும்போது ஏழு நாள் பில் கர்நாடகாவிலேயே செத்துவிடும். நீட்டிக்க வேண்டுமானால் முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும்தான் வாய்ப்பு.

புதுப் படகு என்றால் பில்லும் கூடவே போக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதனால் பில் மதிப்பு பெரிதாக இருக்கும், அதிகாரியின் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும்.

வண்டி பிடிப்பது

நவி மும்பையில் களம்போலி. இரும்புச் சந்தையை ஒட்டியே லாரி ஆபீஸ்கள், டிரெய்லர் நிற்கும் மைதானங்கள் எல்லாம் இருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி பக்கத்து வண்டிகளும் வரும் இடம் அது. கோயம்புத்தூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ இயந்திரம் ஏற்றி வந்த லோபெட் திரும்பிப் போக லோடு தேடிக்கொண்டிருக்கும். அந்த ரிட்டர்ன் லோடில் நீங்கள் மாட்டிக்கொண்டால் வாடகை நன்றாகக் குறையும், ஓட்டுநரோடு தமிழில் பேசலாம் என்பது கூடுதல். ஆனால் அனுமதி வர நாள் ஆகும், ரிட்டர்ன் வண்டி அதுவரை காத்திருக்காது, இதுதான் இந்த வியாபாரத்தின் நிரந்தரக் கயிறிழுப்பு. இந்த வண்டி அடுத்த நடையில் எப்போது திரும்ப வரும் என்று கேட்டு, அந்த நடைக்கு அனுமதி வாங்குவது நடக்கிற காரியம்.

வாடகை என்று ஒரு மொத்தத் தொகையைச் சொன்னால் அதற்குள் என்னென்ன என்று எழுதி வாங்குங்கள். பைலட் வண்டி, அனுமதிக் கட்டணம், டோல், ஓட்டுநர் படி, கிரேன், ஹால்டிங் (வண்டி காத்து நிற்கும் நாளுக்கான கட்டணம்). இந்த ஹால்டிங்தான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும். அனுமதி தாமதமானால் யார் கணக்கு, கிரேன் வராவிட்டால் யார் கணக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். டோல் அச்சு எண்ணிக்கையைப் பொறுத்தது. ஏழு அச்சோ அதற்கு மேலோ போனால் மிக உயர்ந்த கட்டண வகை, நான்கு முதல் ஆறு அச்சுக்கு அதைவிடக் குறைவு. படகுக்குப் பெரிய ஹைட்ராலிக் டிரெய்லர் தேவையே இல்லை, படகு அகலமே தவிர கனம் கிடையாது.

படகைத் தயார் செய்வது

கடலில் படகைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் தாங்குகிறது. டிரெய்லரில் நான்கைந்து இடம்தான் தாங்கும். அதனால் தொட்டில்தான் முக்கியம். எடை முழுவதும் கீலில் உட்கார வேண்டும், பக்கவாட்டுத் தாங்கிகள் படகு சாயாமல் பிடிக்க மட்டும். அந்தத் தாங்கிகளும் உள்ளே தடுப்புச் சுவர் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும், வெறும் பைபர் தகட்டில் வைத்தால் ஆயிரம் கிலோமீட்டர் அதிர்வில் ஹல் உள்வாங்கிவிடும். தடுப்புச் சுவர் எங்கே என்று தெரியாவிட்டால் கையால் தட்டிப் பாருங்கள், ஓசை மாறும். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் வரிசையாக: எரிபொருள் தொட்டி காலி, தண்ணீர்த் தொட்டி காலி, பேட்டரி முனைகள் கழற்றி டேப் சுற்றியது, புரொபெல்லர் கழற்றியது, அவுட்போர்டைத் தூக்கித் தாங்கு கட்டை கொடுத்தது, உள் அலமாரிகள் கயிறு கட்டியது. அடிப்பக்க வடிகால் மூடியைக் கழற்றி ஒரு பையில் போட்டு ஸ்டீயரிங்கிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மூடி இருந்தால் வழியில் பெய்யும் மழை உள்ளே தேங்கும், ஒரு நல்ல மழையில் அரை டன் சேர்ந்துவிடும், எடைமேடைச் சீட்டு பொய்யாகிவிடும்.

தார்ப்பாய் போட்டு மூடச் சொல்வார்கள். வேண்டாம். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் காற்றில் படபடத்து, ஓரம் உரசும் இடமெல்லாம் பளபளப்பு போய்விடும். சுருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை நல்லது, இல்லையென்றால் மூடாமலேயே கொண்டுபோய்க் கழுவிக்கொள்ளலாம்.

அடிப்பாகத்தைச் சுரண்டிக் காய வையுங்கள். இது அழகுக்காக இல்லை. எண்ணூர், பழவேற்காடு பக்கத்து மீனவர்களிடம் காக்கா ஆழியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்தச் சிப்பி கழிமுகத்தில் பாய் விரித்தது போலப் படர்ந்து இறாலையும் மட்டியையும் ஒழித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதிரி உயிர்கள் கப்பலிலும் படகிலும் ஒட்டிக்கொண்டுதான் ஊர் மாறுகின்றன. மும்பைத் துறையில் ஒட்டிய சிப்பியை முட்டுக்காட்டில் போய் இறக்காதீர்கள்.

தூக்குவது, கட்டுவது

மும்பையில் பெரும்பாலும் ஹைட்ரா கிரேன்தான் வரும். சங்கிலி போட விடாதீர்கள், அகலமான பெல்ட் இரண்டு வேண்டும், மேலே இரண்டு பெல்ட்டையும் விரித்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் உள்நோக்கி நெருக்கி மேல் ஓரத்தை நசுக்கிவிடும். பெல்ட் புரொபெல்லர் தண்டின் மேலோ, அடியில் இருக்கும் சென்சார் மேலோ படக் கூடாது. அணியத்திலும் (படகின் முன்முனை) அமரத்திலும் (பின்முனை) ஒவ்வொரு கயிறு கட்டி ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், துறைமுகத்துக் காற்று தூக்கிய படகைத் திருப்பிவிடும்.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட். அணியத்து வளையத்திலிருந்து முன்னாலும் கீழேயும், அமரத்து வளையங்களிலிருந்து பின்னால் குறுக்காக, நடுவில் மேலாக இரண்டு. பெல்ட் திரும்பும் ஒவ்வொரு முனையிலும் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டோ கம்பளமோ வையுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் எல்லாம் தளரும், நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சிவப்புக் கொடி, இரவில் மின்னும் விளக்கு, அகலமான இடத்தில் இருபக்கமும் ஒளிரும் பட்டை, முன்னும் பின்னும் எச்சரிக்கைப் பலகை. கிளம்புமுன் எல்லாப் பக்கமும் தேதி தெரியும்படி படம் எடுங்கள், பின்னால் வரும் காப்பீட்டுப் பேச்சுக்கு அதுதான் சாட்சி.

எப்போது, எந்த வழி

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, படகுகள் கரையில்தான் நிற்கும், அதனால் அக்டோபரில் எல்லோருக்கும் நகர்த்தும் ஆசை வரும். ஆனால் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் தொடங்குகிறது. அக்டோபர் கடைசியில் மும்பை வெயிலில் ஏற்றிய படகைச் சென்னையில் புயல் எச்சரிக்கைக்கு நடுவில் இறக்கும் நிலை வரலாம். பொங்கல் முடிந்து மார்ச் வரைதான் இரண்டு பக்கமும் காய்ந்திருக்கும் காலம்.

வழி என்.எச். 48. களம்போலியிலிருந்து போர் காட் மலைப்பாதை ஏற்றம், புனே புறவழி, காத்ரஜ் சுரங்கம், அப்புறம் சாத்தாராவுக்கு முன்னால் கம்பாட்கி காட். சுரங்கங்களின் உயரத்தையும், வேலை நடக்கும் பாலங்களில் மாற்றுப்பாதையின் அகலத்தையும் பைலட் வண்டிக்காரர் ஒரு நாள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. மாற்றுப்பாதைதான் அகலமான சரக்குக்கு எதிரி, நெடுஞ்சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பக்கத்தில் போட்ட தற்காலிகப் பாதையில் இரண்டு கான்கிரீட் தடுப்புக்கு நடுவில் மூன்றரை மீட்டர் இருக்குமா என்பதே கேள்வி.

கோலாப்பூர் தாண்டிக் கோகனோளியில் கர்நாடகா தொடங்குகிறது. நிப்பாணி, பெலகாவி, ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, துமகூரு. பீடபூமி, காற்று அதிகம், சாலை நேர். அங்கெல்லாம் ஓட்டுநரை அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

பெங்களூரை நெருங்கும்போது ஒரு முடிவு எடுக்க வேண்டும், ஆனால் அதை அனுமதி கேட்கும்போதே எடுத்திருக்க வேண்டும். தாபஸ்பேட்டையிலிருந்து தொட்டபள்ளாப்பூர் வழியாக ஹொஸ்கோட்டைக்கு வெளிவட்டச் சாலை இருக்கிறது, நகருக்குள் நுழையவே வேண்டாம், ஆசையாக இருக்கும். ஹொஸ்கோட்டையிலிருந்து கோலார், சித்தூர் வழியாகப் போனால் சென்னை நேராக வரும். ஆனால் நடுவில் ஆந்திரா. மூன்று மாநிலம் நான்காகிவிடும். அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், வேலூர் வழி என்றால் கர்நாடகாவிலிருந்து நேராகத் தமிழ்நாடு. ஓசூர் ரோட்டு நெரிசலைப் பார்த்துப் பயந்து ஆந்திரா வழி எடுப்பவர்கள் உண்டு, என்னைக் கேட்டால் ஒரு நாள் நெரிசல் ஒரு மாநிலத்துக் காகிதத்தை விட மேல்.

சென்னைக்குள் போகாமல் வெளிவட்டச் சாலையில் திரும்பிவிடுங்கள். கோவளம், முட்டுக்காடு என்றால் வண்டலூர், கேளம்பாக்கம். எண்ணூர் என்றால் மீஞ்சூர் பக்கம். தூத்துக்குடி, ராமேசுவரம் என்றால் கிருஷ்ணகிரியிலேயே பிரிந்து தருமபுரி, சேலம். அந்த வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது, பிரேக் சூடாகிப் போன லாரிகளால் பேர் வாங்கிய இடம், இறங்குமுன் நிறுத்தி பிரேக் ஆறவிட்டு, பெல்ட்டைப் பார்த்துவிட்டு, தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும்.

எல்ஆரும் இன்சூரன்ஸும்

லாரி ஆபீஸில் கொடுக்கும் எல்ஆரின் பின்பக்கத்தைப் படியுங்கள். 2011-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்கு விதிகளின்படி, அதிக மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால் டிரான்ஸ்போர்ட்டரின் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கோடு நின்றுவிடும். இரண்டு லட்சம் வாடகை என்றால் இருபது லட்சம், படகு ஒன்றரைக் கோடி என்றால் மீதி உங்கள் பாடு. அதனால் தனியாக உள்நாட்டுச் சரக்குப் பயணக் காப்பீடு எடுங்கள், அதில் ஏ பிரிவுதான் எல்லா விபத்தையும் அடக்குவது, சி பிரிவு வெறும் பேருக்கு. ஏற்றும்போதும் இறக்கும்போதும் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், ஏனென்றால் கிரேனில் தொங்கும் பத்து நிமிடம்தான் முழுப் பயணத்திலும் ஆபத்தான நேரம். படகுக்கு ஏற்கெனவே இருக்கும் கடல் காப்பீடு சாலைக்குச் செல்லும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்டு எல்லை தாண்டினால்

மும்பையிலிருந்து நாட்டு எல்லை என்பது பெரும்பாலும் நவசேவா துறைமுகம்தான். துபாயிலிருந்து வரும், துபாய்க்குப் போகும். படகின் அகலம் சுமார் 2.3 மீட்டருக்குள் என்றால் சாதாரணக் கண்டெய்னருக்குள் நுழையும், அதற்கு மேல் என்றால் பக்கச்சுவர் இல்லாத பிளாட் ராக், அல்லது வண்டிகள் ஏறும் ரோரோ கப்பல்.

பந்தயத்துக்கோ பயணத்துக்கோ படகை வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவருவதாக இருந்தால், போகும்போதே அடையாளத்தைப் பதிய வேண்டும். 2017-ஆம் ஆண்டின் 45-ஆம் எண் சுங்க அறிவிக்கையின்படி, ஏற்றுமதியான பொருள் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்தால், போனதும் வந்ததும் ஒன்றுதான் என்று நிரூபித்தால், நிபந்தனைகளோடு வரிவிலக்கு உண்டு. நிரூபிக்க இரண்டு எண்கள்: அமரத்தில் வலப்பக்கம் பொறித்திருக்கும் ஹல் எண், ஒவ்வொரு இன்ஜினின் எண். இரண்டும் ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்கான சுங்கப் படிவம்) எழுத்துப் பிசகாமல் ஏற வேண்டும். நடுவில் இன்ஜினை மாற்றினால் அதற்குத் தனிக் கணக்கு. கண்காட்சிக்கு என்றால் ஏடிஏ கார்னெட் (தற்காலிகமாகப் போய்வரும் சரக்குக்கான சுங்கக் காகிதம்) வாங்கலாம், இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு, ஓராண்டு செல்லும்.

எல்லோரும் மறப்பது மரத் தொட்டில். நாடு தாண்டும் மரச்சட்டங்கள் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியோ, வேறு ஏற்றுக்கொண்ட முறையில் பூச்சி நீக்கியோ, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாத மரத்தின் மேல் எத்தனை கோடிப் படகு இருந்தாலும் சேரும் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். இரும்புத் தொட்டில் செய்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

நியூ ஜெர்சியிலும் டொராண்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பதால் ஒரு வரி: அமெரிக்காவில் அந்த அகலக் கோடு 8 அடி 6 அங்குலம், அதாவது 2.59 மீட்டர், கனடாவில் 2.6, ஐரோப்பாவில் 2.55. அமெரிக்காவில் அதைத் தாண்டினால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அனுமதி, பெரும்பாலும் பகலில் மட்டும் ஓட்டம். மேற்கு மாநிலங்கள் பலவற்றில் அனுமதி இருந்தாலும் சிப்பிச் சோதனைச் சாவடியில் படகை நிறுத்தி அடிப்பாகம் பார்ப்பார்கள், ஈரம் இருந்தால் கழுவச் சொல்வார்கள்.

சேர்ந்த பிறகு

இறக்குமுன் ஓட்டுநர் முன்னிலையில் சுற்றிப் பாருங்கள். கீறல், விரிசல், தாங்கி அழுத்திய பள்ளம் எது இருந்தாலும் எல்ஆரில் கையெழுத்துப் போடும்போதே எழுதுங்கள், "சரியான நிலையில் பெற்றேன்" என்ற அச்சு வரியின் கீழ் வெறும் கையெழுத்து வேண்டாம். டிரான்ஸ்போர்ட்டர் மேல் வழக்கு என்று போனால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பதிவு விஷயம்: உள்நாட்டு நீர்வழிப் படகு என்றால் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்தில் வாங்கிய பதிவும் தகுதிச் சான்றும் எல்லா மாநிலத்திலும் செல்லும். கடலில் ஓட்டுவதாக இருந்தால் மகாராஷ்டிராவில் செய்ததை வைத்துக்கொண்டு நேராக இறங்கிவிடாமல் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள், கடலோரக் காவல் போலீஸுக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள்.

வடிகால் மூடியைப் போடுங்கள். தண்ணீரில் வைத்த பிறகும் கிரேன் பெல்ட்டைக் கழற்றாமல் ஒரு பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்து, உள்ளே போய் அடித்தளத்தில் ஈரம் ஏறுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கிரேன்காரர் முணுமுணுப்பார், அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்தே அவருக்குக் கூலி பேசியிருங்கள்.